தாத்தாவின் முதுகும் பேரனின் வலது கையும்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் காரியதரிசி என்னிடம், "மாமா, அடுத்த தடவை ஆரோக்கியம் பற்றி நீங்கள் பேசுங்களேன்" என்றபோது தயங்கினேன். நான் டாக்டர் அல்ல. 1970-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு, முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் இரண்டு விஷயங்களில் என் சொந்தப் பிசகே என்னைப் படிக்க வைத்தது. ஒன்று என் முதுகு. மற்றொன்று என் தங்கை பேரனின் வலது கை. இரண்டைப் பற்றியும் பிசியோதெரபி ஆராய்ச்சியாளர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தபோது, கிழவன் முதுகுக்கும் குழந்தையின் கைக்கும் ஏறக்குறைய ஒரே விதியைத்தான் அவர்கள் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. நடுவில் யாருக்காவது உட்கார்ந்து முதுகு வலித்தால் தாராளமாக எழுந்து நின்று கேளுங்கள். இந்தப் பேச்சுக்கு அதுதான் பொருத்தம்.

முதலில் முதுகு. 1988-ல் மாற்றல் உத்தரவு வந்து சாமான் கட்டும்போது, டிரங்குப் பெட்டியைத் தூக்கினேன். இடுப்பில் சுளீர் என்றது. டாக்டர் மூன்று வாரம் மரப்பலகையில் படுக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் பெரும்பாலோர் சொன்னது அதுதான். என் சம்சாரம் சாப்பாட்டைப் பலகைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, கூடவே கால்களும் துவண்டு போயிருந்தன. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் இடுப்பில் பெல்ட். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கியதில்லை. எங்காத்தில் வாளி தூக்குகிற உத்தியோகம் நிரந்தரமாக அவளுக்கே போயிற்று.

நான் படுப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1986-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்பவரும் சகாக்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டிருந்தார்கள் என்று பின்னால் படித்தேன். முதுகு வலியோடு வந்த 203 பேரில் ஒரு சாராரை 2 நாள் படுக்கச் சொன்னார்கள், மற்றவர்களை 7 நாள். குணமானதில் வித்தியாசமில்லை. 2 நாள்காரர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் மட்டும் 45 சதவீதம் குறைவு. 1995-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் படுக்கை, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள் என்ற யோசனை. சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர். படுத்தவர்கள்தான் கடைசி. நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்களை வைத்தே நிரூபித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இது புதிதாக வந்த வலிக்கு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். அதன் சங்கதி வேறு. எங்கள் காலனியில் ஒரு தடவை திருடன் வந்தான். அதிலிருந்து வாசல் நாய் பால்காரரைப் பார்த்தும் குரைக்கிறது, தபால்காரரைப் பார்த்தும் குரைக்கிறது. நாட்பட்ட வலியில் தண்டுவடமும் மூளையும் ஏறக்குறைய அந்த நாயின் நிலைக்கு வந்துவிடுகின்றன. அடிபட்ட இடம் ஆறியிருக்கலாம். ஆனால் நரம்புகள் சின்ன அசைவையும் ஆபத்து என்று அறிவிக்கப் பழகிவிட்டன. 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர், வலி உடம்பிலிருந்து மூளைக்கு நேராகப் போகிற தந்தி அல்ல, வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரியான ஏற்பாடு அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்று சொன்னார்கள். அதிலிருந்துதான் இந்தப் பார்வை வளர்ந்தது. தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். இதற்கு அர்த்தம் வலி வெறும் பிரமை என்பது அல்ல. நாய் நிஜமாகத்தான் குரைக்கிறது. காத்துக்கொண்டிருக்கும் ஆபத்துதான் அங்கே இல்லை.

நம்மில் பலர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பீரோவில் ஜாதகம் மாதிரிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். 2015-ல் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்கள். அவர்களில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். ஆகவே படத்தில் தேய்மானம் என்று எழுதியிருப்பதை வைத்து மட்டும் யாரும் முடங்க வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? பிசியோதெரபிஸ்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தது, வலியைப் பார்த்து அல்ல, கடிகாரத்தைப் பார்த்து நட என்பது. முதல் வாரம் தினம் 8 நிமிஷம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் 40 நிமிஷம் நடந்து மறுநாள் படுக்கக்கூடாது. வலி இருக்கிறது என்று விடவும் கூடாது. வாரம் இரண்டு நிமிஷம் கூட்டவேண்டும். அத்துடன் முதுகை வளைக்கவும் வாளியைத் தூக்கவும் பழக்கினார், முதலில் காலி வாளி, பிறகு கால் வாளி. ஆறு மாசம் ஆயிற்று. வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் பெல்ட் போயிற்று. ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். திடீரென்று கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்தாலோ, என் பேச்சை மறந்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மூளை பழகிய வலியை மூளையைக் கொண்டே மாற்றப் பார்த்தவர்களில் நம்மூர்க்காரர் ஒருவர் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் பேரன். 1990-களில் கலிபோர்னியாவில், கையை இழந்தும் இல்லாத கையில் வலிக்கிறது என்று தவித்தவர்களுக்கு, ஒரு பெட்டியில் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தைப் பார்த்தபடியே அசைக்கச் சொன்னார். இழந்த கை அசைவதாக மூளைக்குத் தோன்ற, சிலருக்கு வலி தணிந்தது. 2007-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரைக் கொண்டு நடந்த ஒரு சிறிய பரிசோதனையிலும், கண்ணாடியைப் பார்த்துப் பயின்றவர்களுக்கு வலி குறைந்தது. கண்ணாடியின் விலை என்ன இருக்கும்!

வலியைப் பழகிய மூளை, அசைவை மறக்கவும் கூடும். இங்கேதான் குழந்தை வருகிறது.

என் தங்கை பேரன் 2016-ல் எட்டாம் மாதத்திலேயே பிறந்தான். ஏழு மாசக் குழந்தையாக இருந்தபோது ஒரு விசேஷத்துக்குக் கூடியிருந்தோம். அவன் அம்மா, அதாவது என் தங்கையின் மாட்டுப்பெண், என்னிடம் வந்து, "மாமா, இவன் வலது கையை எப்பவும் முஷ்டி பிடிச்சே வெச்சிருக்கான். எதை எடுக்கிறதும் இடது கையாலதான். பரவாயில்லையா?" என்று கேட்டாள். பாட்டி ஒருத்தி உரம் விழுந்திருக்கும் என்றாள். நான், குடும்பத்தில் சயன்ஸ் படித்த பெரிய மனுஷன், "இடது கைக்காரன். கங்குலி மாதிரி வருவான் பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினாறாம் மாதம் நரம்பியல் டாக்டர் செரிப்ரல் பால்ஸி என்றார். பெருமூளை வாதம், உடம்பின் வலது பக்கத்தில். பிறப்பை ஒட்டி மூளையின் இடது பக்கத்தில் ஏற்பட்ட சேதம். ஒன்பது மாசம் போயிருந்தது. அந்தப் பெண் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு வயதுக்கு முன்னால் குழந்தை ஒரே கையை மட்டும் உபயோகிப்பது இடது கைப் பழக்கம் அல்ல. அது அபாய அறிகுறி. இடது, வலது என்ற பழக்கம் அதற்குப் பிறகுதான் நிலைப்படும். நாலு மாசத்துக்கு அப்புறமும் முஷ்டி விரியாமல் இருப்பது, தலை நிற்காதது, ஒன்பது மாசமாகியும் பிடிப்பில்லாமல் உட்காராதது, இவையும் அப்படியே. குறைமாதக் குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு. முன்பெல்லாம் ஒன்று, இரண்டு வயது வரை பார்க்கலாம் என்று டாக்டர்களே சொல்வார்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவின் ஐயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் எழுதினார்கள், ஆறு மாசத்துக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற அறிஞர் வகுத்த முறை ஒன்றில், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துச் சில நிமிஷம் வீடியோ எடுத்து, அது தானாகக் கைகால் அசைக்கும் விதத்தைப் பயிற்சி பெற்றவர் பார்க்கிறார். குழந்தையைத் தொடவே வேண்டாம்.

சீக்கிரம் தெரிந்தால் என்ன லாபம்? எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உணர்ச்சி நரம்பு வெட்டப்பட்ட குரங்குகள் அந்தக் கையை உபயோகிக்காமல் விடுவதையும், நல்ல கையைக் கட்டிவிட்டால் வேறு வழியின்றி அதை உபயோகிப்பதையும் கவனித்தார். முயன்று முயன்று தோற்றதால், உபயோகிக்காமல் இருக்கவே மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது என்பது அவர் முடிவு. (அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதம் பற்றி 1981-ல் பெரிய வழக்கே நடந்தது, அது தனிக் கதை.) 2004-ல் அவர் குழுவினர், ஒரு பக்கம் பலவீனமான 18 குழந்தைகளைக் கொண்ட ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சைப் பிரிவுக் குழந்தைகளுக்கு நல்ல கையில் லேசான கட்டுப் போட்டு, தினம் 6 மணி நேரம், 21 நாள் விளையாட்டாகவே பலவீனக் கையைப் பழக்கினார்கள். நல்ல முன்னேற்றம் கண்டது. 2011-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கட்டுப் போடாமல் இரண்டு கையும் சேர்ந்து செய்கிற விளையாட்டுகளை 90 மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். அதே அளவு கட்டுப் போட்டுப் பழகியவர்களுக்குச் சமமான பலன். ஆகவே சூட்சுமம் கட்டில் இல்லை. குழந்தை தானே, தனக்கு வேண்டிய காரியத்தை, மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது.

இதைக் கேட்டால் நம் பாட்டிமார்களுக்கு வருத்தம் வரும். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது குழந்தைக்குச் சுகம், செய்யுங்கள். ஆனால் பிறர் நீட்டி மடக்கிவிடுவதால் மட்டும் கை வேலை செய்யக் கற்றுக்கொள்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பலகையில் படுத்த என் முதுகை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு சங்கதி என்னை உலுக்கியது. 2012-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி செரிப்ரல் பால்ஸி உள்ளவர்களில் நாலில் மூன்று பேருக்கு வலி இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. பேச முடியாத குழந்தை ராத்திரி அழுதால் அடம் என்று நினைத்துவிடுகிறோம். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய குமாஸ்தா புத்தி, கொஞ்சம் சர்க்கார் விவரமும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால சுவாஸ்த்ய காரியக்ரமத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் பல மாவட்டங்களில் உண்டு. அங்கே பரிசோதனைக்குப் பணம் கிடையாது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை, சிகிச்சைப் பயிற்சிக்கும் சேர்த்து. படிவம் பூர்த்தி செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், அதொன்றுதான் எனக்குச் சரியாக வரும்.

பையனுக்கு இப்போது 9 வயது. வலது கை இன்னும் உதவிக் கைதான், அப்படியே இருக்கவும் கூடும். பயிற்சி தருகிற பெண் அவனிடம், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். பெரியவர்கள் சட்டைப் பித்தான், பேனா என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவன், "பேட் பிடிக்கணும், ரெண்டு கையால" என்றான். அதையே வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பழக்கினாள்.

போன டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாடிப்படிக்கு அடியில் நான் பந்து போட்டேன். மூன்று பந்துக்கு ஒரு தரம் வலது கை நழுவுகிறது. நழுவினால் அவனே பார்த்து மறுபடி வைத்துக்கொள்கிறான். அவன் அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தை எல்லாம் நான்தான் பொறுக்கினேன், குனிந்து நிமிர்ந்து அறுபது எழுபது தடவை இருக்கும். மறுநாள் காலை இடுப்பு பிடித்துக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 30 நிமிஷம் நடந்துவிட்டு வந்தேன். பையன் பேட்டோடு வாசலில் காத்திருந்தான்.

 கேள்விகள் இருந்தால் காபிக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.