எண்ணெய் மரங்களும் ஊரார் உரிமையும்
(சல்லியில் ஆற்றிய உரை)



சீனன்குடாவிலே வெள்ளையர் தம் கடற்படைக்கெனக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரின் கூட்டுக் கம்பெனிக்கும் என ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதே ஆண்டிலேதான் இத்தீவின் கரையெங்கும் வள்ளங்கள் மண்ணெண்ணெய் இன்றிக் கிடந்தன. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. தாங்கிகளுக்கு அருகில் வாழ்வதனால் மட்டும் எவருக்கும் எண்ணெய் கிடைத்துவிடாது.

ஆகவே எண்ணெய் மரம் நடுவோம் என்று நீங்கள் முனைந்திருப்பது நன்று. ஆனால் எதை நடுவது? காட்டாமணக்கு என்பார் வரக்கூடும். இந்தியாவிலே 2003ஆம் ஆண்டு முதல் அரசே அதனைத் தூக்கிப் பிடித்தது. தரிசிலே தானே விளையும் என்றார்கள். நீரும் உரமும் இன்றி அது காய்க்கவில்லை. நட்ட உழவர் பலர் பிடுங்கி எறிந்தனர். அதன் புண்ணாக்கோ நஞ்சு. மாட்டுக்கு வைக்க ஒண்ணாது.

நமக்கு உரியவை புன்னையும் இலுப்பையுமே. புன்னை உப்புக் காற்றைத் தாங்கும், மணலிலே வேரூன்றும். 2004இல் கடல் ஏறிவந்த கரைக்கு அது வேலியுமாகும். உலர்ந்த பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். விளக்குக்கும், சவர்க்காரத்துக்கும், மூட்டு நோவுக்கும் உதவும்; மரக்கலங்களுக்கும் நம் முன்னோர் பூசினர். ஆனால் நீங்கள் கடலுக்குக் கொண்டுபோகும் இயந்திரத்தை அப்படியே ஓட்டும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இலுப்பையைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ? ஆலையில்லா ஊருக்கு அதன் பூவே சர்க்கரை; கோயில் விளக்குக்கு அதன் நெய்.

இலுப்பை காய்க்கப் பத்தாண்டு செல்லும். இங்கேதான் உரிமை வருகிறது. நடுகிறவன் ஒருவன், பொறுக்குகிறவன் இன்னொருவன் என்றாகலாமா? கரையோர அரச காணியிலே நடும் முன்னரே, கொட்டை பொறுக்கும் உரிமை ஊர்ப் பெண்களுக்கே என்று பிரதேச செயலகத்தில் எழுத்திலே பெறுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

இலுப்பை விதை சில வாரங்களிலே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆடியில் விழுவதை அன்றன்றே பையிலிட்டு நீர் வாருங்கள். புன்னைக் கொட்டையின் ஓட்டை உடைத்து ஊன்றினால் விரைந்து முளைக்கும். ஐப்பசி மழைக்குக் கன்றுகள் ஆயத்தமாகட்டும்.