ஓடாத வண்டியும் ஒழுங்கான ஆராய்ச்சியும்

(வெள்ளி விழாவையொட்டி ஆரணியில் நடைபெற்ற தொழிற்கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் கிளம்பாத காரைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெறுவது கல்விதான். ஒரு பொருள் ஏன் இயங்கிற்று, ஏன் நின்றது எனக் காரணம் காண்பதும் கல்வியே. ஆரணி மக்களுக்கு இது புதிதன்று. இழை அறுந்தால் நெசவாளர் தறியை மாற்றுவதில்லை. அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிடுகிறார். ஆனால் கார் கிளம்பாவிட்டால், காரணம் காணுமுன்பே பம்பை மாற்று, கார்புரேட்டரை மாற்று எனச் சொல்லும் பட்டறைகள் உண்டு. உரிமையாளரின் பணம் போகிறது. வாடகைக்கு ஓட்டுபவராயின் அன்றைய பிழைப்பும் போகிறது. பழுது மட்டும் போவதில்லை.

அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் அதன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எனினும் பழைய வண்டிகள் இன்றும் உள்ளன. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு எரிபொருள் செல்லும் வழி எளியது. பின்புற டேங்கிலிருந்து குழாய் வழியே எஞ்சினின் பக்கத்திலுள்ள பம்புக்குப் பெட்ரோல் வருகிறது. மெக்கானிக்குகள் இதனை ‘ஏ.சி. பம்பு’ என்பர். எஞ்சின் சுழலும்போது ஒரு நெம்புகோல் பம்பினுள் இருக்கும் டயாப்ரத்தை அசைக்கிறது. அது பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே பெட்ரோல் காற்றுடன் கலக்கிறது. டேங்கு, குழாய், பம்பு, கார்புரேட்டர் என்னும் இந்நான்கில் எங்கே தடை என்பதே நம் வினா.

முதலில் டேங்கில் பெட்ரோல் உள்ளதா எனப் பாருங்கள். அளவு காட்டும் முள் பொய் சொல்லக்கூடும். அடுத்து, எந்தக் குழாயையும் கழற்றுமுன், பிளக்கில் தீப்பொறி வருகிறதா எனச் சோதியுங்கள். பொறி இல்லையேல் பெட்ரோல் மீது பழி சுமத்துவது வீண். பொறி இருந்தால், சிறிது நேரம் செல்ஃப் அடித்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஒருவேளை மிகுதியாகவே வருகிறது. உலர்ந்திருந்தால் வரவில்லை.

உலர்ந்திருந்தால், கார்புரேட்டருக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு கலனுக்குள் விடுங்கள். பொறி எழாதபடி காயிலின் இணைப்பை நீக்கிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பாய்ந்தால், டேங்கு முதல் பம்பு வரை குற்றமில்லை. கார்புரேட்டரின் நுழைவாயில் வலையோ, நீடில் வால்வோ, ஜெட்டோ அடைத்திருக்கும்.

பாயவில்லையெனில் உடனே பம்பைக் குறை கூறாதீர்கள். டேங்கின் மூடியைத் திறந்து மீண்டும் சோதியுங்கள். இப்போது பாய்ந்தால், டேங்கினுள் காற்றுப் புகும் துளை அடைபட்டதே காரணம். பாயாவிடில், பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, அதன் முனையைச் சிறு கலனிலுள்ள பெட்ரோலில் இடுங்கள். அதை உறிஞ்சித் தள்ளினால் பம்பு நல்லது. தடை பின்னாலுள்ள குழாயிலோ டேங்கிலோ உள்ளது. வெடித்த ரப்பர் குழாய், வெளியே ஒரு சொட்டும் கசியாமலே காற்றை உள்ளிழுக்கும் என்பதை மறவாதீர்கள். கலனிலிருந்தும் உறிஞ்சாவிட்டால் பம்பே பழுது. அப்போது எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள்; அடித்தால் டயாப்ரம் கிழிந்திருக்கக்கூடும்.

நம் பகுதிக் கோடையில், ஓடி வந்த வண்டி நின்று, ஆறிய பின் தானே கிளம்புவதுண்டு. வெப்பத்தால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதே இதற்குக் காரணமாகலாம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் தெரிந்துவிடும். மேலும், இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்ப் பாகங்கள் அதற்கெனச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே நெடுநாள் நின்ற வண்டியில் இவற்றை முன்கூட்டியே பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில், பீடியும் விளக்கும் அருகில் இன்றி வேலை செய்யுங்கள். வாயால் பெட்ரோலை உறிஞ்சும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். அது நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே கேடு.

இளைஞர்களே! இச்சோதனையில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. கலனில் பெட்ரோல் விழும், அல்லது விழாது. கேட்பவன் யார் மகன், எந்தத் தெருவினன் என்று அது பார்ப்பதில்லை. ஒழுங்காகக் கேட்பவர் எவராயினும் ஒரே விடைதான். அறிவு பிறப்பால் வருவது என்பாருக்கு இதைவிட நல்ல மறுமொழி வேறென்ன வேண்டும்?

வாய்ப்பும் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வழி செய்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு உண்டு. ஆண்களும் பெண்களும் அங்கே சேருங்கள். ஸ்பானர் பிடிக்கும் கையோடு குறிப்பேடும் எழுதுகோலும் இருக்கட்டும். கண்டதை எழுதுங்கள், காணாததைக் கூறாதீர்கள். காரணம் காட்டிக் கூலி கேட்கும் தொழிலாளியை எவரும் ஏமாற்ற முடியாது. அவரும் எவரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.