பத்துக் கிலோமீட்டரும் பத்து நிமிடமும்

(ஆதரவாளர் நன்றிக் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டுகளைப் பற்றியும், வாங்கிய கருவிகளைப் பற்றியும், வாங்க வேண்டிய கருவிகளைப் பற்றியும் பேசுவோம். இம்முறை ஓர் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். "அறுபதைத் தாண்டிய ஐயருக்கு ஓட்டப் பந்தயம் எதற்கு?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. காரணம் இருக்கிறது. பொறுமையாய்க் கேளுங்கள்.

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, நம் மருத்துவமனையிலிருந்து ஏழு பேர் பெங்களூருவில் பத்துக் கிலோமீட்டர் ஓடினார்கள். நர்சுகள் நால்வர், லேப் டெக்னீஷியன் ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர். நாங்கள் ஓடவில்லை. பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு ஓரமாய் நின்றோம். அதுவும் ஓர் ஊழியம்தானே!

அந்தப் பந்தயத்தின் பெயர் டி.சி.எஸ். வேர்ல்டு 10கே. 2008ஆம் ஆண்டு தொடங்கியது. கொரோனா காலத்தில் தடைபட்டது போக, ஆண்டுதோறும் நடந்து வருகிறது. உலகின் முன்னணி வீரர்கள் வருகிறார்கள். 2022ல் கென்யாவின் நிக்கோலஸ் கிமேலி 27 நிமிடம் 38 விநாடியில் ஓடி முடித்தார்; பெண்களில் ஐரீன் செப்டாய் 30 நிமிடம் 35 விநாடி. அது எவ்வளவு தூரம் என்று நம் ஊர்க் கணக்கில் சொல்லுகிறோம். மத்திய பேருந்து நிலையத்தில் 1ஆம் எண் பேருந்தில் ஏறி, சத்திரம், சிந்தாமணி, காவிரிப் பாலம், மாம்பழச் சாலை கடந்து ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறோமே, ஏறத்தாழ அந்தத் தூரம். அந்தப் பேருந்து போய்ச் சேரும் நேரத்துக்குள் அவர்கள் கால்நடையாகவே போய்விடுவார்கள்!

ஆனால் எங்களைத் தொட்டது அவர்களுடைய வேகம் அல்ல. அவர்களைத் தவிர ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள் அதே நகரத்து வீதிகளில் ஓடினார்கள். மூத்த குடிமக்களுக்குத் தனி ஓட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஓட்டம். சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை கையசைத்துப் போனதைக் கண்டு, பையைக் காக்கிற வேலையையும் மறந்து கை தட்டினோம். ஓடுகிறவர்களில் பலர் ஏதாவதொரு தர்ம காரியத்தின் பெயரில் ஓடுகிறார்கள். "நான் இதற்காக ஓடுகிறேன், நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?" என்று நண்பர்களிடம் கேட்டு நிதி திரட்டுகிறார்கள். நம்மவர்களும் அப்படியே தங்கள் சபைகளிலும் உறவினரிடத்திலும் கேட்டார்கள். கொடுத்தவர்களில் அநேகர் இந்தக் கூடுகையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி.

இப்படி ஒரு நகரமே சேர்ந்து ஓடுவது புதிதல்ல. 1906ல் பூகம்பத்தால் சான் பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தது. அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு உற்சாகமூட்ட, 1912ல் நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடும் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. எத்தியோப்பியாவில் சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடிப்போன ஹைலே கெப்ரசெலாசி, பிற்காலத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்று, 2001ல் தம் தலைநகரத்தில் அதே பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு மக்கள் ஓட்டத்தை ஏற்படுத்தினார். நம் பக்கத்து லால்குடி வட்டாரத்துப் பிள்ளை ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியதை நீங்கள் அறிவீர்கள். ஓட்டம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கைக்கெட்டுகிற விளையாட்டு.

இங்கே ஒரு கேள்வி வந்தது. எங்கள் சபை மூப்பர் ஒருவர், "ஐயரே, பந்தயம் ஞாயிற்றுக்கிழமை அல்லவா? ஆராதனையை விட்டுவிட்டு ஓடலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்தார். வார நாளில் நடந்த 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே மிஷனெரியாகச் சீனாவுக்குப் போய், 1945ல் அங்கே ஒரு தடுப்பு முகாமில் மரித்தார். அவருடைய மனச்சாட்சிக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். நாங்கள் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சகோதரி, "எனக்கு மனம் ஒப்பவில்லை, ஐயா. ஆனால் போகிறவர்களுடைய ஞாயிறு டியூட்டியை நான் பார்க்கிறேன்" என்றார். ஓடினவர்கள் அன்று மாலையில் பெங்களூருவிலேயே ஆராதனையில் கலந்துகொண்டார்கள். அந்தச் சகோதரியோ ஆண்கள் வார்டில் இரட்டை டியூட்டி பார்த்தார். பதக்கம் ஏழுதான் வந்தது. எட்டாவது அவருக்குச் சேர வேண்டியது.

இப்பொழுது காரணத்துக்கு வருகிறோம். இதைச் சொல்லுவது எளிதல்ல.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் நடந்த ஒரு விழிப்புணர்வு ஓட்டத்தில், நாற்பத்து மூன்று வயதுள்ள ஒருவர் ஆற்றங்கரைக்குச் சற்று முன்பாகச் சாலையில் விழுந்தார். முந்தின இரண்டு நாளும் நெஞ்சில் ஏதோ பாரம் என்று சொல்லி, வாயுத் தொல்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டாராம். விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். சிலர் கையில் சாவிக்கொத்தை வைத்தார்கள். எல்லாரும் நல்ல மனது உள்ளவர்கள். கடைசியில் ஓர் ஆட்டோவில் ஏற்றி நம்மிடம் கொண்டுவந்தார்கள். இருபது நிமிடம் ஆகிவிட்டது. டாக்டர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

அவருடைய மனைவி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து வராந்தாவில் நின்றார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்திருக்கிறது. விரல்களில் கோலமாவு அப்படியே ஒட்டியிருந்தது. அழவில்லை. எங்களைப் பார்த்து, "ஃபாதர், யாராவது ஏதாவது செய்திருந்தால் பிழைத்திருப்பாரா?" என்று கேட்டார்.

நாற்பது ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறோம். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஏனென்றால், "பிழைத்திருக்கக்கூடும்" என்பதே உண்மையான பதில். அதை அந்த வராந்தாவில் எப்படிச் சொல்லுவது?

பிறகு நம் டாக்டர்கள் எங்களுக்கு விளக்கினார்கள். இருதயம் திடீரென்று நின்றுபோனால் நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. ஒன்றும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு குறைகிறது. பத்து நிமிடம் போனால் அநேகமாய் ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரத்தில் வேண்டியது தண்ணீரும் அல்ல, சோடாவும் அல்ல. கூப்பிட்டும் அசைவில்லை, சீராக மூச்சு வரவில்லை என்றால், ஒருவர் 108க்குப் போன் செய்ய வேண்டும். இன்னொருவர் உடனே முழங்காலிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் மாற்றிக்கொள்ள வேண்டும். படிப்பு வேண்டாம், பழக்கம் வேண்டும்.

பெங்களூருவுக்குப் போன ஏழு பேரும் இதற்காகவே ஓடினார்கள். வந்த காணிக்கையில் பயிற்சிக்கான பொம்மைகளை வாங்கினோம். இதுவரை மூன்று ஆட்டோ ஸ்டாண்டுகளிலும், இரண்டு பள்ளிகளிலும், நம் சபைகளின் வாலிபர் கூட்டங்களிலும் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

"அப்படியானால் ஓடுவதே ஆபத்தா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஓடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதிகம். நம் வெளிநோயாளர் வரிசையே அதற்குச் சாட்சி. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் முதலில் சர்க்கரை, அழுத்தம், ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்ளுங்கள். நடையில் தொடங்கி, வாரக்கணக்கில் தூரத்தைக் கூட்டுங்கள். நெஞ்சில் பாரம், இடது தோளிலும் தாடையிலும் வலி, காரணமில்லாத வியர்வை இவற்றை வாயு என்று தள்ளிவிடாதீர்கள். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிற ஊர். காலையில் குளிர்ச்சி உண்டு. நம் திருச்சி நூறு மீட்டருக்கும் கீழே. சித்திரை வைகாசியில் ஏழு மணிக்கே வெயில் சுடும். ஆகவே விடியுமுன் ஓடி முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பயிற்சி நடந்தது. பெற்றோர்களும் வந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் அந்த அம்மா இருந்தார். பக்கத்தில் பத்தாவது படிக்கிற மகன். நாங்கள் அழைக்கவில்லை; பள்ளியில் கொடுத்த சீட்டைப் பார்த்து வந்திருக்கிறார். அவர் முறை வந்தபோது புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பொம்மையின் பக்கத்தில் முழங்காலிட்டார். அழுத்தத் தொடங்கினார். மகன் எண்ணினான். முப்பதில் நிறுத்தச் சொன்னோம். அவர் நிறுத்தவில்லை. நூறு தாண்டிய பிறகு எங்கள் நர்சு மெல்ல அவர் தோளைத் தொட்டார்.

எழுந்தபின் எங்களிடம் வந்து, "அன்றைக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, ஃபாதர். இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்" என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை. அடுத்த பயிற்சி எங்கே, தெருப் பெண்களை அழைத்து வரலாமா என்றும் கேட்டார்.

அன்பானவர்களே, இன்னும் பயிற்சி பொம்மைகள் வேண்டும். இருதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கையடக்கக் கருவி ஒன்று நம் ஆம்புலன்சுக்கு வேண்டும். அதற்காக உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம். காணிக்கை கொடுக்க இயலாதவர்கள் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாலை நம் சிற்றாலயத்துக்குப் பக்கத்து அறையில் பயிற்சி உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் வரலாம். நாங்களும் அந்த வலியோடுதான் கற்றுக்கொண்டோம்.

தேவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.