இரண்டு சதவீத இழை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நூல் மில்லிலேயே காலத்தை ஓட்டியவர் நீங்கள், மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பஞ்சு விலையைப் பற்றிப் பேசினால் தூங்கிவிடுவீர்கள். ஆகவே இந்த அரங்கில் பாதிப் பேர் உடுத்தியிருக்கிற பொருளைப் பற்றியே பேசுவது என்று தீர்மானித்தேன். ஜீன்ஸ். அதிலும் இழுத்தால் நீளுகிற ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ்.

நாங்கள் படித்த காலத்தில் ஜீன்ஸ் என்றால் தகரம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு மலைக்கோட்டைப் படியேறினால் முட்டி மடங்காது, ரோபோ மாதிரிதான் ஏற வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அகமதாபாத் அரவிந்த் மில் டெனிம் நெசவில் இறங்கியது. 1990களின் நடுவில் ஜிப், பட்டன், ரிவிட் எல்லாம் சேர்த்துத் தைக்காத துணியாகவே பொட்டலம் போட்டு விற்றார்கள். நம்ம ஊர் டெய்லர் கடைகளில்கூட ஜீன்ஸ் தைக்க ஆரம்பித்தது அப்போதுதான். ஆனாலும் அது நூறு சதவீதம் பருத்தி. விறைப்பு போகவில்லை.

சின்னாளப்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பாவு, ஊடை என்றால் விளக்க வேண்டியதில்லை. டெனிமில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. பாவு மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே போகும். அதனால்தான் வெளியே நீலம், உள்ளே வெளுப்பு. அவுரிச் சாயம் நூலின் மேல்தோலில்தான் பிடிக்கும், நடுத்தண்டு வெள்ளையாகவே இருக்கும். தேயத் தேய வெளுத்து அழகாகிறதே, அந்த ரகசியம் அதுதான்.

ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸில் மாறியது ஊடை நூல். 1958ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு செயற்கை இழையைக் கண்டுபிடித்தார். பொதுப்பெயர் எலாஸ்டேன். லைக்ரா என்பது அந்தக் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். ஐந்து மடங்கு இழுத்தாலும் விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் வெறும் ரப்பர் மாதிரி இழையை அப்படியே ஊடையாக நெய்ய முடியாது. அதன் மேல் பருத்தியைச் சுற்ற வேண்டும். அதற்குத்தான் எங்களைப் போன்ற நூல் மில் வேண்டியிருக்கிறது.

ரிங் ஃபிரேமில் முன் ரோலருக்குப் பின்னால் எலாஸ்டேன் இழையை மூன்று, மூன்றரை மடங்கு இழுத்த நிலையில் விடுவோம். பஞ்சு அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். வெளியே வருகிற நூலைப் பார்த்தால் சாதாரண வெள்ளை நூல்தான், உள்ளே ஒன்று ஒளிந்திருப்பது தெரியாது. நான் வேலை பார்த்த மில்லில் பஞ்சு குஜராத்திலிருந்து வரும், நூலாகி மறுபடி அகமதாபாத்துக்கே லாரி ஏறும். துணியாகி, பேண்டாகி, திண்டுக்கல் கடைவீதிக்குத் திரும்பி வரும். அந்தப் பேண்ட் நம்மையெல்லாம் விட அதிகம் ஊர் சுற்றியது!

இதில் ஒரு கஷ்டம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது எலாஸ்டேன் மட்டும் அறுந்துபோனால் மெஷின் நிற்காது. பருத்தி பாட்டுக்கு நூலாகிக்கொண்டே இருக்கும். பாபின் பார்க்க அப்படியேதான் இருக்கும். நெய்யும்போதும் தெரியாது. துணியைத் தண்ணீரில் போட்டு முடித்தெடுக்கும்போது மற்ற ஊடைகள் சுருங்கும், இந்த ஒன்று சுருங்காது. குறுக்கே தொளதொளவென்று ஒரு கோடு எழும்பி நிற்கும். அவ்வளவுதான், துணி ரிஜெக்ட். நெசவு மில்காரர் நூல் மில்லுக்குப் பணத்தைப் பிடித்துவிடுவார். நூல் மில்லில் அது யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மில்லில் சைடராக இருந்த ஓர் அக்கா, வேடசந்தூர்ப் பக்கத்து ஊர், எட்டாவது வரை படித்தவர். ராத்திரி ஷிப்டில் ஒவ்வொரு பாபினிலிருந்தும் ஒரு முழம் நூலை உருவி இழுத்து விடுவார். உள்ளே எலாஸ்டேன் இருந்தால் சுருக்கென்று சுருண்டுகொள்ளும். இல்லாவிட்டால் தொங்கும். "சார், இதுல உசிரு இல்ல" என்று தனியே எடுத்து வைத்துவிடுவார். லேப் ரிப்போர்ட் காலையில்தான் வரும், அந்தம்மா அப்போதே சொல்லிவிடுவார். ஜீன்ஸ் விளம்பரங்களில் நடிகர்கள் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான் வருகிறது.

சரி, இந்த உசிரு எவ்வளவு? எழுபது டெனியர் எலாஸ்டேனை மூன்றரை மடங்கு இழுத்தால் நூலுக்குள் இருபது டெனியர்தான் இருக்கும். 16ஆம் நம்பர் ஊடை நூல் ஏறக்குறைய 330 டெனியர். ஆக நூலில் ஆறு சதவீதம். துணியின் எடையில் ஊடை மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள், இரண்டு சதவீதம். உங்கள் பேண்டின் உள்பக்க லேபிளைப் பாருங்கள், 98 பருத்தி, 2 எலாஸ்டேன் என்று இருக்கும். கணக்குப் பாடம் வீண்போகவில்லை!

மலை ஏறுகிற தம்பிகள் இங்கே இருக்கிறீர்கள். சிறுமலை, மலைக்கோட்டை, பழனியின் 693 படி. ஒன்றைக் கவனியுங்கள். ஊடையில் மட்டும் எலாஸ்டேன் இருப்பதால் துணி குறுக்கே நீளும், நெடுக்கே நீளாது. காலை மடக்கும்போது முட்டித் தோல் நெடுக்கேதான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளுகிறது. ஆகவே தோலோடு ஒட்டுகிற இறுக்கமான ஜீன்ஸ், லேபிளில் எத்தனை சதவீதம் போட்டிருந்தாலும், ஏற உதவாது. துணி முட்டி மேல் வழுக்கி நகர இடம் வேண்டும். இரண்டாவது, கால் இரண்டும் சேருகிற இடத்தில் வைரவடிவத் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருந்தால் காலை எவ்வளவு அகட்டினாலும் தையல் விடாது. 1982ல் கலிபோர்னியாவில் பாறை ஏறும் மைக் கிரஹாம் என்பவர் கிராமிச்சி என்ற பெயரில் இப்படித் தைத்து விற்க ஆரம்பித்தார். டெய்லரிடம் அரை மீட்டர் துணி அதிகம் கொடுத்தால் அவரே செய்து தருவார்.

எடை முக்கியம். பழைய ஜீன்ஸ் சதுர கெஜத்துக்கு 14 அவுன்ஸ். நம் ஊர் சித்திரை வெயிலில் அது தண்டனை. 9, 10 அவுன்ஸ் போதும், கல்லூரிக்கும் ஆகும், படிக்கட்டுக்கும் ஆகும். ஆனால் கொடைக்கானல் பக்கம் மழைக்காலத்தில் நெடுநடை போகிறவர்கள் தயவுசெய்து எந்த ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி தண்ணீர் குடித்தால் லேசில் காயாது. குளிரில் ஈரத்துணி காலோடு ஒட்டிக்கிடந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆபத்து.

கடையில் வாங்கும்போது தொடைப் பக்கத்தைக் குறுக்கே நன்றாக இழுத்துச் சிறிது நேரம் பிடித்து விடுங்கள். உடனே திரும்பாமல் அலையலையாக நின்றால் இரண்டே மாதத்தில் முட்டியில் பை விழும். விடுதி மாணவனுக்கு இருப்பதே இரண்டு பேண்ட், அதில் ஒன்று இப்படிப் போனால் அப்பாவிடம் மறுபடி எப்படிக் கேட்பது?

எலாஸ்டேனுக்கு எதிரி இரண்டு. சூடு, குளோரின். வெந்நீர் வேண்டாம், பிளீச்சிங் வேண்டாம், ஓங்கின சூட்டில் இஸ்திரி வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். மொட்டைமாடிக் கொடியில் மத்தியான வெயிலில் போட்டு மறந்துவிட்டால் நூல் மில்லைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், மில்காரன் என்பதால் மறைப்பது சரியில்லை. பழைய பருத்தித் துணியைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கி நூற்கிறார்கள். எலாஸ்டேன் கலந்த துணி அந்தக் கிழிக்கிற மெஷினில் ஜவ்வு மாதிரி இழுபடும், பல்லில் சுற்றிக்கொள்ளும். அந்த இரண்டு சதவீதத்துக்காக மீதி 98ம் பெரும்பாலும் வீணாகிறது. இதற்கு நல்ல வழி கண்டுபிடிப்பது எங்கள் தலைமுறையால் ஆகவில்லை. இங்கே வேதியியல் துறை மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், அதனால்தான் இதைக் கடைசியில் சொல்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் நான் பந்தல் ஓரமாகத்தான் இருப்பேன். யார் பேண்ட் எத்தனை சதவீதம் என்று கேட்க வருகிறவர்கள் லேபிளைப் பார்த்துவிட்டே வாருங்கள்.