காமிரா எங்கே நிற்கிறது?

(குடிகாட்டில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



“பள்ளிக்கூடத்திலே சினிமா காட்டுகிறார்களாமே, அதுவும் இங்கிலீஷ் பீரியடிலே! பிள்ளை படிக்கப் போகிறதா, படம் பார்க்கப் போகிறதா?” என்று தாய்மார்கள் சிலர் நம்மைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஷிப்டு முடித்து வருகிறவரும் நடவு முடித்து வருகிறவரும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பொழுதுபோக்குக்காக அல்ல. ஆகவே, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

2022-ல் தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித்துறை ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் காட்டுவது, பிறகு அதைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைப்பது என்பது திட்டம். தொடக்கத்தில் காட்டிய படங்களில் ஒன்று சார்லி சாப்ளின் 1921-ல் எடுத்த ‘தி கிட்’ என்ற பேசாப் படம். திட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் படம் காட்டுவது வேறு, படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது வேறு. முதலாவதற்கு ஒரு திரை போதும். இரண்டாவதற்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், கேள்வி கேட்கும் உரிமை வேண்டும்.

கண் இருந்தால் பார்க்கலாமே, கற்க என்ன இருக்கிறது என்பீர்கள். நமக்குத் தெரிந்த ஆலை வாசலிலிருந்தே தொடங்குவோம்.

1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சலனப் படம் காட்டினார்கள். அன்று காட்டிய படங்களில் ஒன்று என்ன தெரியுமா? தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வருவது! அது லியோன் நகரில் இருந்த அவர்களுடைய சொந்த ஆலை. கதவு திறக்கிறது, பெண்களும் ஆண்களும் வருகிறார்கள், ஒரு நாய் ஓடுகிறது. ஒரு நிமிஷத்துக்குள் படம் முடிந்துவிடுகிறது.

இப்போது கேளுங்கள்: காமிரா எங்கே நிற்கிறது? வாசலுக்கு வெளியே. யாருடைய காமிரா? முதலாளியுடையது. உள்ளே எத்தனை மணி நேரம் வேலை, என்ன கூலி என்பதெல்லாம் படத்தில் இல்லை. அதோடு, இந்தக் காட்சியை ஒரு தடவையல்ல, மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டி, இன்னொன்றில் குதிரையே இல்லை! காட்டியது பொய்யல்ல. ஆனால் காட்டாமல் விட்டது அதைவிடப் பெரிது. இதைக் கண்டுகொள்வதே முதல் பாடம்.

இரண்டாவது பாடம், வெட்டி ஒட்டுவது. சோவியத் ரஷ்யாவில், புரட்சியை அடுத்த ஆண்டுகளில், லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் முகம். அதில் உணர்ச்சி எதுவும் இல்லை. அதற்கு அடுத்து ஒரு சூப்புக் கிண்ணத்தை ஒட்டினார். “என்ன பசி!” என்றார்கள் பார்த்தவர்கள். அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டியை ஒட்டினார். “என்ன துக்கம்!” என்றார்கள். முகம் ஒன்றுதான், பக்கத்தில் ஒட்டியதுதான் மாறியது.

இது ரஷ்யக் கதை மட்டுமா? கோஷம் போடும் ஒரு தொழிலாளியின் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து உடைந்த பஸ் கண்ணாடியை ஒட்டினால் அவர் கலகக்காரர். அடுத்து பூட்டு தொங்கும் ஆலைக் கதவை ஒட்டினால் அவர் வேலை பறிகொடுத்தவர். அன்றாடம் செல்போனில் நம் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் இப்படி வெட்டி ஒட்டியவைதான். வெட்டியவர் யார் என்று கேட்கத் தெரியாத பிள்ளை, ஒட்டியதை எல்லாம் நம்பிவிடும்.

மூன்றாவது பாடம், உயரம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் மாவட்டத்தை அடித்து நொறுக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். விழுந்த முந்திரித் தோப்பை ஆகாயத்திலிருந்து படம் எடுத்தால் பாய் விரித்ததுபோல் இருக்கும். தரையில் நின்று எடுத்தால், அந்த மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பம் தெரியும். மேலிருந்து பார்க்கிற கண் சேதத்தை எண்ணும். பக்கத்திலிருந்து பார்க்கிற கண்தான் மனிதரைக் காணும்.

சரி, இதற்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய உண்டு. ‘தி கிட்’ படத்தில் பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான். பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி மாட்டும் தொழிலாளியாக வந்து கூலி வாங்குகிறார். இதைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை உண்டா? ஆசிரியர் அங்கே நிறுத்திக் கேட்கட்டும்: என்ன பார்த்தாய்? ‘விண்டோ’, ‘ஸ்டோன்’, ‘போலீஸ்’ என்று பிள்ளை சொல்லும். ஏன் அப்படிச் செய்தார்கள்? இப்போது ‘பிகாஸ்’ என்ற சொல் தேவைப்படுகிறது. அநாதை இல்லத்தின் லாரி வந்து பையனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வண்டியில் வருவது யார், கூரைமேல் ஏறி ஓடித் துரத்துவது யார், சட்டம் யார் பக்கம்? இதற்குப் பதில் கைடு புத்தகத்தில் இல்லை. பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும். மனப்பாடம் செய்த பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு வாக்கியம் மேல்!

பிரிட்டனில் 1933-லேயே பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் அமைக்கப்பட்டது. சினிமாவைக் கல்விக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. இங்கேயோ, பணம் படைத்தவர் பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் பயிற்சி, உழைப்பாளி பிள்ளைக்கு விடையை எழுதிப் பார்க்கும் பயிற்சி! இந்த வேற்றுமையை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

நம் தவறையும் ஒப்புக்கொள்வோம். சினிமா ஒரு போதை என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் ஒதுங்கி நின்றோம். ஆனால் 1960-லேயே முற்போக்குக் கலைஞர்கள் ஒன்றுகூடி, நிமாய் கோஷ் இயக்கத்திலும் எம்.பி.சீனிவாசன் இசையிலும் ‘பாதை தெரியுது பார்’ என்ற படத்தை எடுத்தார்கள். தொழிலாளியின் வாழ்வைத் தொழிலாளியின் பக்கம் நின்று காட்ட முயன்றார்கள். காமிராவை நம் பக்கமும் நிறுத்தலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். நாம்தான் அந்தப் பாடத்தைப் பிள்ளைகளிடம் கொண்டு போகவில்லை.

தோழர்களே, இதை நாம் குடிகாட்டில் நின்று பேசுகிறோம். ஒரு பக்கம் கடலூர்–சிதம்பரம் சாலை, மறுபக்கம் உப்பனாறு, நடுவே சிப்காட்டின் ரசாயன ஆலைகள். எந்த ஊரிலும் ஆலை விளம்பரப் படத்தைப் பாருங்கள்: புல்வெளி, பூச்செடி, சிரிக்கும் குழந்தை. படத்தில் நாற்றம் வராது! இரவில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்த பிள்ளைக்குத்தான் அந்தப் படத்தில் என்ன இல்லை என்பது தெரியும். அதை எழுந்து நின்று, தமிழிலும் இங்கிலீஷிலும், அஞ்சாமல் சொல்லும் திறமையைத்தான் இந்த வகுப்பு கொடுக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள்: படம் காட்டும் நேரத்தைப் பரீட்சையின் பெயரால் பறிக்கக் கூடாது. படம் முடிந்ததும் மணி அடித்து அனுப்பிவிடாமல், பேசவும் எழுதவும் நேரம் ஒதுக்க வேண்டும். இதைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், அவர்கள் தலையில் வேறு வேலைகளைக் கட்டக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. எழுத்து தெரிய வேண்டியதில்லை, இங்கிலீஷும் வேண்டியதில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: காமிரா எங்கே நின்றது? யாரைக் காட்டினார்கள்? யாரைக் காட்டாமல் விட்டார்கள்?

நாளை இந்தப் பிள்ளைகளே செல்போனைக் கையில் எடுத்து ஆலை வாசலைப் படம் எடுப்பார்கள். அப்போது காமிரா எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராது!