கொத்துக்கறி எந்திரமும் தொழிலாளியின் உரிமையும்



பெங்களூரின் பழைய தண்டுப் பகுதியைச் சேர்ந்த காக்ஸ் டவுனில் காலை வேளையில் கடைத்தெருவுக்குச் செல்பவருக்கு, தமிழ்நாட்டை விட்டு வந்தோம் என்ற நினைவே எழுவதில்லை. காய்கறிக்காரர் பேசுவது தமிழ். இறைச்சிக் கடைகளிலும் பெரும்பாலும் அப்படியே. முன்பு அக்கடைகளில் கட்டைமீது கத்தி விழும் ஓசைதான் கேட்கும். இன்று மின்விசை எந்திரங்களின் இரைச்சலும் அதனோடு சேர்ந்துகொண்டது.

கொத்துக்கறி அரைக்கும் எந்திரம் பார்வைக்குச் சாதுவானது. மேலே ஒரு தட்டு. அதன் நடுவே ஒரு குழாய். உள்ளே திருகு போன்ற தண்டு. அத்தண்டு இறைச்சியை இழுத்துச் சென்று கத்தியிடம் ஒப்படைக்கிறது. விரல் அகப்பட்டால் அதையும் அவ்வாறே இழுக்கும். ஆகையால் குழாயின் வாய் கை நுழையாதவாறு குறுகியிருக்க வேண்டும். உள்ளே தள்ளுவதற்கு மரக்கட்டையைப் பயன்படுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அக்கட்டை எங்கோ மூலையில் கிடக்கும்!

2023 ஆம் ஆண்டில், எங்கள் தெருவில் குடியிருந்த தருமபுரி இளைஞர் ஒருவர் வலக்கையில் கட்டுடன் என்னிடம் வந்தார். வயது 25, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். இரு விரல்களை எந்திரம் கொண்டுபோயிருந்தது. கடைக்காரர் இருபதாயிரம் ரூபாய் தருவதாகக் கூறி, ஒரு தாளில் ஒப்பமிடச் சொல்லியிருந்தார். "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பதே என் தொழில், படித்துச் சொன்னேன். இனி எவ்வித உரிமையும் கோருவதில்லை என்பதே அதன் சாரம்.

கடைக்காரரின் வாதங்கள் இரண்டு. கடை தொழிற்சாலை ஆகாது என்பது ஒன்று; தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்பது மற்றொன்று. இரண்டும் நில்லா. மின்விசையைக் கொண்டு பொருளை உருமாற்றும் இடத்தில் பணிபுரிபவரும் 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவரே. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுப்பதில்லை. குடிபோதை, வெளிப்படையான பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியவையே தடையாகும். தவறு யாருடையது என்று ஆராயாமல் ஈடு வழங்கும் இம்முறை 1884 இல் ஜெர்மனியிலும் 1897 இல் பிரிட்டனிலும் சட்டமாயிற்று.

இனித் தொகையைக் கணக்கிடுவோம். அச்சட்டத்தின் அட்டவணை, ஒரு கையின் இரு விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு குறைந்ததாகக் கொள்கிறது, கட்டைவிரலுக்கு 30. வலக்கை, இடக்கை என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. கத்தி பிடிக்கும் தொழிலாளிக்கு இது பெருங்குறை என்பது என் கருத்து. சம்பளத்தில் 60 விழுக்காடு 9,000 ரூபாய். அதை 25 வயதுக்குரிய 216.91 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 20 விழுக்காடு கண்டால் 3,90,438 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு இதற்குப் புறம்பானது. இருபதாயிரம் எங்கே, இது எங்கே!

மொத்தத் தொகைக்குச் செய்துகொள்ளும் உடன்பாட்டை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. தொகை போதாதெனில் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். உடன்பாட்டை அனுப்பத் தவறிய முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பாவார். முன்னர்க் கொடுத்ததில் பாதிக்கு மேல், ஆணையர் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி, கழித்துக்கொள்ளவும் இயலாது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டியும் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பெற்றுள்ளது. இழப்பீட்டுப் பொறுப்பு அதிலும் தொடர்கிறது. தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டில் சேர்ந்தவராயின், முதலாளியிடமன்றி அந்நிறுவனத்திடமே உதவித்தொகை பெற வேண்டும்.

அவ்விளைஞர் ஒப்பமிடவில்லை. மருத்துவமனைச் சீட்டையும், சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் நகலையும் எடுத்துக்கொண்டு மறுவாரம் மனுச் செய்தார். பழைய சட்டப்படி மனுவுக்குரிய கெடு இரண்டு ஆண்டுகள். விபத்து நேர்ந்த ஊரில்தான் மனுச் செய்யவேண்டும் என்பதும் இல்லை; தருமபுரிக்குத் திரும்பியிருந்தால் அங்கேயே செய்திருக்கலாம்.