ஞெகிழித் தாளில் ஒரு விண்தேடல்

(மீஞ்சூரில் ஆற்றப்பெற்ற உரை)

 

உங்கள் உள்ளங்கையை விரியுங்கள். ஏறத்தாழ நொடிக்கொன்றாக, விண்கதிரிற் பிறந்த மியூவான் என்னும் நுண்துகள் அதனை ஊடுருவிச் செல்கின்றது. கூரை அதனைத் தடுக்காது. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகையும் தடுக்காது. இக்கதிர்மழையினூடே, இதுவரை எவரும் உறுதியாகக் காணாத ஒன்றை அறிஞர்கள் தேடுகின்றனர். அதன் பெயர் விந்தைப் பொருள்.

அஃது என்ன? நம் உடலும் இரும்பும் நிலக்கரியும் அணுக்களால் ஆனவை. அணுக்கருவிலுள்ள புரோட்டானும் நியூட்ரானும் மேல், கீழ் என்னும் இருவகைக் குவார்க்குகளால் ஆனவை. மூன்றாவதாக விந்தைக் குவார்க்கும் உண்டு. இம்மூன்றும் ஏறத்தாழ ஒத்த அளவிற் கலந்த பொருள், இரும்பின் கருவினும் உறுதியாக நிலைக்கக்கூடும் என்று 1984-இல் எட்வர்டு விட்டன் கருதினார். 1971-இலேயே போடுமர் இக்கருத்துக்கு வழி கோலியிருந்தார். அப்பொருள் கடுகளவு கிடைப்பினும் அதன் எடை பல இலக்கம் டன். எண்ணூர்த் துறைமுகத்துக்கு நிலக்கரி கொணரும் கப்பல்கள் பல கூடினும் அதற்கு ஈடாகா! அதனாலாய விண்மீன்கள் மோதிச் சிதறின், அத்துணுக்குகள் விண்கதிரோடு புவிக்கும் வரலாம்.

கொல்கத்தாவின் போசு ஆய்வு நிறுவனத்தார், சிபாசி இராகா முதலியோர், இத்துணுக்கைத் தேட எடுத்த கருவி எது? கடையில் விற்கும் ஞெகிழித் தாள்! ஆய்ந்தபோது அது பாலி எத்திலீன் டெரிப்தாலேட்டு என்று தெரிந்தது. நாம் நீர் பருகி எறியும் புட்டியின் பொருளே அது.

மின்னூட்டம் மிகுந்த துகள் தாளைத் துளைக்குங்கால், தன் வழியிலுள்ள மூலக்கூற்றுத் தொடர்களை அறுக்கின்றது. பின்னர்த் தாளை எரிசோடாக் கரைசலில் இட்டால், அறுந்த இடம் விரைந்து கரைந்து குழியாகின்றது. நுண்ணோக்கியில் அக்குழியை அளந்து, வந்த துகளின் மின்னூட்டத்தை அறியலாம். எளிய துகள்கள் இத்தாளில் வடுவே பதிப்பதில்லை. அம்மந்தமே அதன் சிறப்பு! ஆயிரமாயிரம் துகள்களை விடுத்து, அரியதை மட்டும் அது பதிகின்றது. செனான், கிரிப்டான், தைட்டானியம் ஆகியவற்றின் அயனிகளைச் செர்ன் ஆய்வகத்தில் அதன்மீது பாய்ச்சி அளவு கண்டு, 2011-இல் முடிவை வெளியிட்டனர். காற்றுறை மெலிந்த தார்சிலிங்கு மலையில் தாள்களை விரித்தனர்.

அம்மலைக்கு ஒரு பழங்கதை உண்டு. தேவேந்திர மோகன் போசும் பிபா சவுத்ரி என்னும் பெண்மணியும் அங்கே ஒளிப்படத் தகடுகளை வைத்து விண்கதிர்த் தடங்களை ஆய்ந்தனர். மீசான் துகளின் நிறையையும் கணித்தனர். போர்க்காலத்தில் அவர்கட்கு உயர்தரத் தகடுகள் கிட்டவில்லை, ஆய்வு நின்றது. சிறந்த தகடுகள் கைவரப்பெற்ற பாவெல் 1947-இல் பையானைக் கண்டார். 1950-இல் நோபல் பரிசு பெற்றார். அறிவு குறைந்ததன்று, தகடே குறைந்தது!

இன்று கருவி கடைத்தெருவிலேயே கிடைக்கின்றது. விந்தைப் பொருள் இன்னும் அகப்படவில்லை. எனினும் தேடல் வீணன்று. எவ்வளவு பரப்பில், எவ்வளவு காலம் தேடியும் அகப்படவில்லை என்பதே அதன் அருமைக்கு வரம்பு கட்டும் அறிவாகும்.

மீஞ்சூர் இளையோரே! எறியும் புட்டியை ஒருமுறை உற்று நோக்குங்கள். வானத்தை அளக்கும் பொருள் உங்கள் கையிலேயே உளது. தேடும் உள்ளமே வேண்டும்!